சாரல் நேரத்தில் கரிக்கு என்ன வேலை?

ஆனி பிறந்தால் செங்கோட்டையில் சாரலும் காற்றும் சேர்ந்தே வரும். ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்திலிருந்து புகும் காற்று, இரு பக்கமும் மலை நெருக்குவதால் வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. அதனால்தான் சீசனில் மின்சாரம் கொட்டுகிறது, மற்ற மாதங்களில் சொட்டுகிறது.

கொட்டும்போது என்ன நடக்கிறது? காத்தாடி வைத்தவருக்கு யூனிட்டுக்குக் காசு உண்டு, ஆனால் காற்றுக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஆகவே மின்தொகுப்பில் முதல் இடம் அதற்கு. நிலக்கரியில் ஓடும் தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களிடம் லோடை, அதாவது உற்பத்தி அளவை, குறைக்கச் சொல்வார்கள். கரி மிச்சம்தானே, லாபம்தானே என்று தோன்றும். பாதிதான் சரி.

எங்கள் பக்கத்துப் பரோட்டாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். மைதாவும் எண்ணெயும் மட்டும் விற்பதற்கு ஏற்ப. கூட்டம் இல்லையென்று கல்லை ஆறவிடவும் முடியாது. ஆறினால் மறுபடி சூடேற நேரமாகும். அனல்மின் நிலையமும் அப்படியே. பாய்லரை அணைத்துவிட்டுப் பல மணி நேரம் கழித்து மூட்டுவதென்றால் எண்ணெய் ஊற்ற வேண்டும். குழாய்கள் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கித் தேய்ந்துபோகும். அதனால் இந்தியாவில் கரி நிலையங்களைப் பொதுவாக 55 சதவீத லோடு வரைதான் இறக்குகிறார்கள். அந்தக் குறைந்த லோடில் ஒரு யூனிட்டுக்கு எரியும் கரியும் கொஞ்சம் கூடுதல்.

சும்மா ஒரு கணக்கு. 85 சதவீத லோடில் நிலைச்செலவு (கடை வாடகை போல, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு) யூனிட்டுக்கு 2 ரூபாய், கரி 4 ரூபாய் என்று வைப்போம். லோடு 55-க்கு இறங்கினால் அதே நிலைச்செலவைக் குறைந்த யூனிட்டுகள் சுமக்கும்: 2 ரூபாய் 3.09 ஆகிவிடும். மொத்தம் 6 ரூபாய் மின்சாரம் 7 ரூபாயைத் தாண்டும். இந்த நிலைச்செலவை, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒப்பந்தப்படி மின்வாரியம் கட்டியாக வேண்டும்.

கூடங்குளத்தின் கதை வேறு. தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. அணுமின்சாரத்தில் எரிபொருள் செலவு சின்னது, பெரும் செலவு கட்டுமானம். லோடை இறக்கினால் மிச்சமாவது அற்பம், இழப்பதோ விற்காத யூனிட்டின் முழு வருமானம். போதாக்குறைக்கு செனான் தொல்லை. உலையின் திறனைச் சட்டென்று குறைத்தால், அணு பிளந்தபோது ஏற்கெனவே உருவான அயோடின்-135 சிதைந்து, செனான்-135 என்ற வாயு சேரும். அது, அணுப்பிளவைத் தொடரவைக்கும் நியூட்ரான்களை விழுங்கிவிடும். சில மணி நேரத்துக்குத் திறனை நினைத்தபடி ஏற்ற முடியாது. பிரான்சில் அணு உலைகளை ஏற்றி இறக்கி ஓட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் அது அதற்கென்றே திட்டமிட்டுச் செய்வது. இங்கே அணுவை முழு லோடில் விட்டுவிட்டு, கரியைத்தான் ஆட்டிப் படைக்கிறோம்.

அப்படியானால் கரி நிலையத்தை மூடிவிடலாமா? ஐப்பசியில் இங்கே வந்து பாருங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று அடங்கி, காத்தாடிகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். பொழுது சாய்ந்தால் சூரிய மின்சாரமும் போய்விடும். ஊரெல்லாம் லைட்டும் டிவியும் ஓடும் அந்த ஏழு மணிக்கு, ஆடி மாதம் முழுக்கப் பாதி லோடில் முனகிக்கொண்டிருந்த பாய்லரைத்தான் முழு மூச்சில் ஓடச் சொல்வார்கள்.