ஹெச்.ஆருக்கு மாறப் போகிறீர்களா? பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

நான் ஹெச்.ஆர்., அதாவது பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் மனிதவள வேலைக்கு வந்த முதல் வருடம், குன்னூர் பக்கம் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் இருந்த டீ மேக்கர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது வேலை பார்த்த வருடங்களுக்கு ஏற்ப விலகும்போது தரும் தொகை, கணக்குப் போட்டவள் நான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய். மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்து, 2,79,000 என்று எழுதிவிட்டேன். சட்டப்படி மாதத்துக்கு 26 நாள் என்று வகுக்க வேண்டும், 3,21,923 வரும். ஆபீஸில் இருந்த பழைய கிளார்க் அண்ணன் பார்த்துத் திருத்தினார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த மனிதருக்கு 42,923 ரூபாய் நஷ்டம். எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

அப்போது நான் பேங்க் வேலையை விட்டு, கடன் வாங்கி, மலையிலிருந்து கீழே போய் இரண்டு வருடம் எம்.பி.ஏ. முடித்திருந்தேன். சிறப்புப் பாடம் ஹெச்.ஆர். தான். ஆனால் தொழிலாளர் சட்டத்துக்கு ஒரே ஒரு தாள். அதையும் பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரத்தில் ஓட்டி முடித்தார்கள்.

அதனால்தான் கோத்தகிரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் "அக்கா, ஹெச்.ஆருக்கு மாறணும், எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்கிறவர்களிடம், முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள் என்கிறேன். பல இடங்களில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது. ஹெச்.ஆர். என்பது இரண்டாம் வருடத்தில் வரும் சில விருப்பப் பாடங்கள் மட்டுமே. ஜாம்ஷெட்பூரில் இருக்கும் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரியிலும் மும்பையில் டிஸ் எனும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் அதற்கென்றே தனிப் படிப்பு உண்டு. நுழைவதற்குப் போட்டி கடுமை. அது முடியாவிட்டால் சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைப் பாருங்கள். அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ. இருக்கிறது. அதைப் பற்றி நம் மலையில் யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. 29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. புதிய தொகுப்பில் அது 250. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. இதையெல்லாம் வகுப்பில் எடுக்கிறார்களா என்று பாடம் நடத்துகிறவரிடமே நேராகக் கேளுங்கள். பழைய சட்டத்தையே ஒப்பிக்கிறார் என்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

பிளேஸ்மென்ட் பட்டியலில் 'ஹெச்.ஆர்.' என்று போட்டிருந்தாலும் என்ன வேலை என்று கேளுங்கள். நாள் முழுக்க ஆள் பிடிக்க போன் போடும் வேலையாகவும் இருக்கலாம். பி.ஜி.டி.எம். (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) என்றால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி, தொலைநிலைப் படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பட்டியல், இரண்டையும் அந்தந்தக் குழுவின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம், சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் ஏதாவது ஃபேக்டரி ஆபீஸில் உட்கார்ந்து பாருங்கள். சம்பள நாளன்று ஜன்னலுக்கு வெளியே தமிழிலும் படுக மொழியிலும் ஹிந்தியிலும் கேள்வி வரும். பிடித்தம் ஏன் என்று கேட்பார்கள். பி.எஃப். பணம் எப்போது வரும் என்பார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்ல உங்களுக்குப் பிடித்திருந்தால், விண்ணப்பத்தை அன்றைக்கே போடுங்கள்.