நுங்கம்பாக்கத்தில் சிக்கிய ஆசியா

"நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் கேட்கிறோமே, அந்த வானிலை மைய வளாகத்தில்தான் ஒரு காலத்தில் மதராஸ் வானாய்வகம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டியது. 1861-ல் அங்கே அரசு வானியலாளராக வந்து சேர்ந்த நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 67 ஆசியா என்பது அதன் பெயர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில், சுமார் 3 ஆண்டு 9 மாதத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும், ஏறக்குறைய 60 கி.மீ. குறுக்களவுள்ள பாறை.

தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனும் ஒரே மாதிரி புள்ளிதான். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுகோள் வேட்டைக்குப் புகைப்படம் வராத காலம் அது. வானத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கல் விண்மீன்களை ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி தட்டுப்பட்டால், பக்கத்து விண்மீன்களிலிருந்து அதன் தூரத்தை அளந்து குறித்துவிட்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மறுபடி அளக்க வேண்டும். சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் இருக்கும்போது, பட்டையிலுள்ள சிறுகோள் ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி நகரும். அதுவும் பின்னோக்கி! எக்ஸ்பிரஸில் போகிறவருக்குப் பக்கத்துத் தண்டவாளத்துப் பாசஞ்சர் பின்னால் போவதுபோல் தெரியுமே, அதே கதைதான். பூமி அதை முந்துகிறது.

எவ்வளவு மங்கல் என்பதை போக்சனின் கணக்கிலேயே சொல்லலாம். விண்மீன்களின் ஒளியைப் படி என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக்கூட ஒளி மங்கும். 5 படி வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று 1856-ல் முன்மொழிந்தவர் அவர்தான். அப்படியானால் ஒரு படிக்குச் சுமார் 2.512 மடங்கு. வெறுங்கண்ணுக்கு எல்லை 6-ஆம் படி. ஆசியா நன்றாக ஒளிரும் சமயத்தில்கூட 10-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது, கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிடச் சுமார் 40 மடங்கு மங்கல். சென்னை வெக்கையில், ஏப்ரல் மாதத்து ராத்திரியில் இதைத் தேடியிருக்கிறார் மனிதர்.

புள்ளியைப் பார்த்ததோடு வேலை முடியாது. குறைந்தது மூன்று வேளைகளில் எடுத்த இடக்குறிப்புகள் இருந்தால்தான் பாதையைக் கணக்கிட முடியும். 1801-ல் தொலைந்துபோன முதல் சிறுகோள் சீரிஸை மீட்க ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் வகுத்த வழி அது. பாதை தெரியாவிட்டால், சூரிய ஒளியில் மறைந்த பாறை திரும்ப எங்கே தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் தேவதைகளின் பெயர் வைப்பது வழக்கம். ஆசியா என்பவள் கிரேக்கப் புராணத்து டைட்டன் தேவதை. இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோளும் இதுதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பிறகு மதராஸிலிருந்தே சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவற்றையும் அவர் பிடித்தார். இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று முதன்முதலில் தெரியவந்த சிறுகோள், அதே சில்வியாதான்.

இன்று பெயர் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையின் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு முதலில் 1988 டிகியூ1 என்ற தற்காலிகக் குறியீடுதான். 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி, 'கியூ1' என்றால் அந்தப் பாதியில் 41-வது. பாதை உறுதியான பிறகு 4130 என்ற எண், அதன்பின் ராமானுஜன் என்ற பெயர். கண்டுபிடித்தவர் பரிந்துரைக்க, சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியல்வாதி என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கணிதமேதைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.