மெக்கோனியம் இலியஸ்: சொல் விளக்கம்

பிறந்த குழந்தையின் சிறுகுடல் அடைபடுவதற்கான பிறவிக் காரணங்களுள் ஒன்று மெக்கோனியம் இலியஸ். இரண்டுமே கிரேக்க வேர் கொண்ட சொற்கள்.

'மேகோன்' என்றால் கசகசாச் செடி. 'மேகோனியோன்' அதன் சாறு. குழந்தை முதன்முதலில் கழிக்கும் மலத்தைப் பெண்கள் இப்பெயரால் அழைப்பதாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கரிய நிறமும் பிசுக்குமே ஒப்புமை என்பார்கள். நம் பாட்டிமாரும் மருத்துவச்சிகளும் அதற்கு வைத்திருக்கும் பெயர் காட்டுப்பீ. பெண்கள் வழங்கிய சொல்லைக் கிரேக்கம் மருத்துவத்துக்குக் கொடுத்தது. நாமோ கையிலிருக்கும் சொல்லை எழுதக் கூசி 'மெக்கோனியம்' என்கிறோம். கூச்சம் தீராதவர்கள் 'காட்டுமலம்' என்றாவது எழுதலாம்.

'இலியஸ்' என்பதில்தான் கவனம் வேண்டும். 'முறுக்கு, சுருட்டு' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, குடல் முறுக்கி வலிக்கும் நோயைக் குறித்த சொல் அது. இன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் குடல் அசைவற்று நின்றுபோவதையே இலியஸ் என்கிறார்கள். வழியில் தடை ஏதும் இருக்காது. அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்து 'குடல் செயலிழப்பு' என்று மொழிபெயர்த்தால் நோயே மாறிவிடும்.

ஏனென்றால் இங்கே இருப்பது அசல் அடைப்பு. கருவிலிருக்கும் குழந்தை விழுங்கிய பனிக்குட நீர், பித்தம், சளி, உதிர்ந்த செல்கள், மென்மயிர் எல்லாம் சேர்ந்ததே காட்டுமலம். இந்நோயில் அது நீர்ப்பசை குறைந்து இறுகி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. அடைப்புக்கு மேலே குடல் உப்புகிறது. கீழே பெருங்குடல் எதுவும் வந்து சேராததால் மெலிந்து சிறுத்துக் கிடக்கிறது. வயிறு வீங்கும், பச்சை நிறத்தில் வாந்தி வரும், காட்டுமலம் வெளியேறாது. பச்சை வாந்தி கண்டால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அடிப்படை நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்; நுரையீரல், கணையம், குடல் ஆகியவற்றின் சுரப்புகள் கெட்டியாகிவிடும் மரபுவழி நோய் அது. அடைபட்ட குடலுக்கும் பழுதான கணையத்துக்கும் உள்ள தொடர்பை 1905-இல் எழுதியவர், பின்னர் ரத்த வகைகளுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் லான்ட்ஸ்டைனர். அந்நோய்க்குக் காரணமான மரபணு 1989-இல்தான் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்கு, 1969-இல் மருத்துவர் ஹெலன் நோப்லெட் காஸ்ட்ரோகிராஃபின் என்னும் எக்ஸ்ரே திரவத்தை ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமாவை அறிமுகப்படுத்தும்வரை அறுவைதான் வழி. அந்தத் திரவம் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து மலத்தை இளக்குகிறது; அதனாலேயே குழந்தைக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றிக்கொண்டே செய்ய வேண்டும். குடல் முறுக்கிக்கொண்டாலோ ஓட்டை விழுந்தாலோ இன்றும் அறுவைதான்.

ஆகவே என் பரிந்துரை 'காட்டுமலக் குடலடைப்பு'. எங்கே, எதனால் அடைப்பு என்பது பெயரிலேயே இருக்கிறது. பெருங்குடலில் மலம் தற்காலிகமாகத் தேங்கும் 'மெக்கோனியம் பிளக்' வேறு. பெரும்பாலும் எனிமாவிலேயே சரியாகிவிடும். அதைக் 'காட்டுமலத் தக்கை' எனலாம்.