நிறைவெண்: 3,35,50,336-ஐ வைத்து ஒரு சொல் விளக்கம்

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் கிடைக்குமானால் அது நிறைவெண். 6-க்கு 1, 2, 3, கூட்டினால் 6. எண்ணையே வகுத்திகளோடு சேர்த்துக் கூட்டிவிடுவதுதான் தொடக்கத்தில் நேரும் பிழை. அப்போது இருமடங்கு வரும்.

'பெர்ஃபெக்ட் நம்பர்' என்று படித்தவர்கள் இதைக் குற்றமற்ற எண் என்று எண்ணிக்கொள்வதுண்டு. கிரேக்கத்தில் இது 'தெலெயோஸ்': முடிவை எட்டியது. இலத்தீனின் 'பெர்பெக்டுஸ்' என்பதும் செய்து முடிக்கப்பட்டது என்றே பொருள்படும். வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணை எட்டி நிறைகிறது, அவ்வளவே. 'செவ்விய எண்' என்றும் தமிழில் எழுதுகிறார்கள். ஆனால் கூட்டுத்தொகை எட்டாத 8 குறைவெண் (1+2+4=7), தாண்டிவிடும் 12 மிகையெண் (1+2+3+4+6=16) என்னும்போது, அவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது நிறைவெண்தான். 'முழுமை எண்' வேண்டாம். முழு எண்ணோடு குழம்பும்.

3,35,50,336 ஐந்தாவது நிறைவெண். 6, 28, 496, 8128 ஆகிய நான்கும் பழங்கிரேக்கர் அறிந்தவை. இவற்றை உண்டாக்கும் வழி யூக்ளிட் தந்தது: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கூட்டுத்தொகை பகா எண்ணாக வந்தால், கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். 1 முதல் 4096 வரை கூட்டினால் 8191. இதன் வர்க்கமூலம் 90.5 அளவில் இருப்பதால், 89 வரையுள்ள 24 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்காது. ஆகவே 4096 × 8191 = 3,35,50,336.

சரிபார்ப்பதும் எளிது. 1 முதல் 4096 வரையிலான 13 வகுத்திகளின் கூட்டுத்தொகை 8191. மீதமுள்ள 12 வகுத்திகள் 8191-இன் மடங்குகள். அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டும் சேர்ந்தால் 8191 × 4096.

பகா எண்ணா என்று பாராமல் பெருக்கினால் வழி தவறும். 1 முதல் 1024 வரை 11 உறுப்புகள்; 11 பகா எண்தான், ஆனால் கூட்டுத்தொகை 2047 = 23 × 89. எனவே 1024 × 2047 = 20,96,128 மிகையெண்ணாகிவிடுகிறது; அதன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 23,25,392 வரை போகிறது.

நம் எண்ணுக்கு வேறு முகங்களும் உண்டு. 1 முதல் 8191 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை இது, ஆகவே முக்கோண எண். முதல் 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே. இரும எழுத்தில் பதின்மூன்று 1, பிறகு பன்னிரண்டு 0.

ஒவ்வோர் இலக்க அளவுக்கும் ஒரு நிறைவெண் உண்டு, கடைசி இலக்கம் 6, 8 என மாறிமாறி வரும் என்றார் பழங்கிரேக்கக் கணித அறிஞர் நிகோமாக்கஸ். எட்டு இலக்கமுள்ள இந்த எண் முதல் கூற்றை உடைத்தது. அடுத்து வரும் 8,58,98,69,056-உம் 6-இல் முடிவதால் இரண்டாவதும் பொய்த்தது. இரட்டை நிறைவெண்கள் யாவும் யூக்ளிட்டின் வடிவத்தில்தான் அமையும் என்று ஆய்லர் நிறுவினார். ஒற்றை நிறைவெண் உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி.