சட்டைக்குள் புகுந்த தேனீ

கம்பம் சாலையில் பைக்கில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே ‘டப்’பென்று கல் பட்டாற்போல் ஓர் அடி. மேல் பொத்தான் போடாத சட்டைக்குள் ஏதோ ஊர்ந்தது. பதறிப்போய்த் தட்டினேன். சுரீரென்றது.

கல்லாக வந்து அடித்தது ஒரு தேனீ. எடை ஏறத்தாழ 0.1 கிராம்தான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 17 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் சொச்ச நீளமுள்ள பூச்சி உடம்பில் மோதி நசுங்க ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. கணக்குப் போட்டால், 200 கிராம் படிக்கல்லை ஒரு பொட்டளவு இடத்தில் வைத்து அழுத்துவதற்குச் சமம். வேகத்தை இரட்டித்தால் விசை நாலு மடங்காகும்.

அது என்னைத் துரத்தி வரவில்லை. பூவுக்கும் கூட்டுக்கும் நடுவே தன் வழியில் போனது, நான்தான் குறுக்கே போனேன். கூட்டை விட்டுத் தள்ளி இரை தேடும் தேனீ லேசில் கொட்டாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே சிக்கி நசுங்கினால்தான் கொட்டும். நசுக்கியது என் கைதான்.

வண்டியை ஓரங்கட்டிச் சட்டையை விலக்கினேன். தேனீ கீழே விழுந்துவிட்டது, கொடுக்கு மட்டும் தோலில் நின்றது. அதன் மேல்முனையில் கடுகுக்கும் சிறிதாக ஒரு வெள்ளைப் பை, விட்டுவிட்டுத் துடித்தது. கொடுக்கில் முள் வைத்த இரண்டு ஈட்டிகள் உண்டு. அவை மாறி மாறி நகர்ந்து தோலுக்குள் இறங்கும். தேனீ விடுபடப் பார்க்கும்போது விஷப்பை, தசை, நரம்பு முடிச்சு எல்லாம் வயிற்றிலிருந்து பிய்ந்து கொடுக்கோடு தங்கிவிடும். அதனால்தான் தேனீ போன பிறகும் விஷம் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

விஷத்தில் பெரும்பகுதி முதல் 20 நொடிக்குள் இறங்கிவிடும். அறுபதில் போனால் அந்த 20 நொடி 330 மீட்டர். நிழல் பார்த்து நிறுத்தலாம் என்று போனால் எல்லாம் உள்ளே போயிருக்கும். கிள்ளி எடுத்தால் பை பிதுங்கும், நகத்தால் வழிக்க வேண்டும் என்பார்கள். 1996இல் சோதித்துப் பார்த்ததில் எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், தாமதம்தான் கெடுதல் என்று தெரிந்தது. அதற்காகப் பின்னால் லாரி வரும்போது சட்டென்று பிரேக் பிடித்துவிடாதீர்கள்.

குளவி வேறு ரகம். அதன் கொடுக்கு தோலில் மாட்டாது, திரும்பத் திரும்பக் கொட்டும். முதலில் சட்டையிலிருந்து அதை வெளியேற்ற வேண்டும்.

நிற்கவே கூடாத இடமும் உண்டு. பாலத்தின் அடியிலோ உயரமான மரத்திலோ மலைத்தேனீ அடை தொங்கினால், ஒன்று கொட்டியதும் எழும் வாழைப்பழ வாசனை மற்றவற்றுக்கு அழைப்பு. அங்கே வண்டியை விடாமல் ஓட்டித் தாண்டிவிடுவதுதான் சரி.

கொட்டிய இடம் வீங்குவது சகஜம். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. அப்போது சுண்ணாம்பு தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே கைகொடுப்பது அட்ரினலின் ஊசி.