கணக்கில் போனவனைக் கையாளாக அனுப்பாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் அடுத்த வாரமே கட்டட சைட்டுக்கு யாராவது மகனைக் கூட்டி வந்துவிடுவார்கள். இந்த வருடம் வந்தவர் எங்கள் கம்பி கட்டும் மேஸ்திரி. "கணக்குல போயிட்டான் சார். வீட்ல சும்மாதான கிடக்கான், கையாளா வெச்சுக்கங்க."

பையனுக்கு 15 வயது. 18 நிறையாதவர்களை நான் சாரத்தில் ஏற்றுவதில்லை. 1996-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி நலப்பயன் பெறப் பதிவு செய்யவும் 18 ஆகியிருக்க வேண்டும். அதற்குமுன் விழுந்தால் அந்தப் பதிவும் கையில் இருக்காது.

"கணக்குல போனவனைக் கணக்கு அதிகம் வேணுங்கிற இடத்துக்கே கூட்டி வந்திருக்கீங்களே மேஸ்திரி" என்றேன். பையனிடம் டேப்பைக் கொடுத்து, மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்துவிட்டுக் குறுக்கே அளக்கச் சொன்னேன். 5 அடி சரியாக வந்தால் மூலை சரியான செங்கோணம். "பெரிய ரூமா இருந்தா என்ன பண்ணுவே?" என்றதற்கு, "6, 8 வெச்சா 10 வரணும் சார்" என்றான். தேர்வில் தோற்றவன்தான் சொல்கிறான்.

மேஸ்திரியோடு நின்றால் வேலை படியும், மறுக்கவில்லை. என் வேலையில் பாதியை நானே கொத்தனார்களிடம்தான் கற்றேன். ஆனால் பார்த்துப் பழகியவனுக்குக் காரணம் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, பிரித்த அன்றே ஜன்னலுக்கு மேல் நீளும் சன்ஷேடு தொங்கிவிட்டது. உடைத்துப் பார்த்தால் மெயின் கம்பி அடியில் கிடக்கிறது. இரு முனையும் சுவரில் தாங்கும் தளத்துக்கு நடுவில் இழுவிசை அடிப்பக்கம், அதனால் கம்பி கீழே. ஒரு முனை மட்டும் பிடித்துத் தொங்கும் சன்ஷேடுக்கு இழுவிசை மேல்பக்கம், கம்பியும் மேலே வரவேண்டும். கட்டியவர் 10 வருட அனுபவசாலி, தளத்துக்குப் போட்ட மாதிரியே போட்டுவிட்டார். மேலே கட்டிய கம்பியையும் கான்கிரீட் போடும்போது ஏறி மிதித்துக் கீழே தள்ளிவிடுவார்கள், அது வேறு கதை. நல்லவேளை, அன்று கீழே யாரும் நிற்கவில்லை.

கலவையும் அப்படித்தான். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு நீர் விகிதம் 0.5, அதாவது சிமென்ட் எடையில் பாதி நீர், என்றால் 25 லிட்டர். "கலவை ஓடணும்" என்று இன்னொரு வாளி ஊற்றும் கைக்கு, அந்த வாளியில் கான்கிரீட்டின் பலம் போகிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்த 'ஏன்' கிடைக்கும் இடம் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ. கொத்தனார், பிளம்பர், தச்சர் பிரிவுகள் 1 வருடப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பத்தாவதில் போனவனுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, பல பெற்றோருக்கு இது தெரியவில்லை. எலெக்ட்ரீஷியன், சிவில் வரைவாளர் பிரிவுகளுக்குப் பத்தாவது பாஸ் வேண்டும், 2 வருடம். அதை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. எங்கள் தொழிலில் சித்தாளாக வரும் அக்காக்கள் 20 வருடம் கல் சுமந்தாலும் கையில் கரணை வருவதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. சான்றிதழோடு வரும் பெண்ணிடம் "நீ கலவை எடுத்துக் கொடு" என்று சொல்வது அத்தனை சுலபமல்ல. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் ஐ.டி.ஐ. பையன் பழைய கொத்தனார் வைக்கும் செங்கல்லில் பாதி வைத்தால் பெரிது. எல்லா நிலையத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது. சேர்க்குமுன் பட்டறையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுவர் கட்டிப் பிரித்த தடயம் தரையில் இருக்கிறதா, கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

"முடிச்சுட்டு வந்தா என்ன சம்பளம் சார்?" என்றார் மேஸ்திரி. முதல் வருடம் கையாளைவிடக் கொஞ்சம்தான் கூட வரும் என்று உள்ளதைச் சொன்னேன். பிளான் படிக்கத் தெரிந்தவனுக்கு அப்புறம் பேரம் பேசும் தெம்பு வரும். முகம் தெளியவில்லை அவருக்கு. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, பிளம்பருக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான் பையன். டேப்பை மட்டும் திருப்பித் தரவில்லை.