செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

இந்த வாரம் பட்டறைக்கு ஒரு 150 சிசி பைக் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி, கூரியர் போடும் தம்பியுடையது. புது பேட்டரி, புது ரிலே (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), புது செல்ஃப் மோட்டார் என மூன்றுக்கும் பில் வைத்திருந்தார். "அண்ணே, எல்லாத்தையும் மாத்தியாச்சு, இன்னும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்றார். பட்டனை அழுத்திப் பார்த்தேன். மோட்டார் 'விர்ர்ர்' என்று தாராளமாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவே இல்லை. இப்படிச் சத்தம் போட்ட வண்டிக்கு ஒருவர் பேட்டரியை மாற்றியிருக்கிறார். அதுவும் சரியாகாமல் போனபோது மோட்டாரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார். இதே கதையோடு வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் வேகமாகச் சுற்றாது. 'டக் டக்' என்று ரிலே மட்டும் அடிக்கும். அல்லது இன்ஜின் முக்கி முக்கி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பட்டனை அழுத்தும்போது நியூட்ரல் விளக்கு மங்கும், ஹாரன் தொண்டை கட்டியது போலக் கேட்கும். ஹெட்லைட்டை வைத்துச் சோதிக்காதீர்கள்; பழைய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும். இப்படியெல்லாம் இருந்தால் பேட்டரியையும் கேபிளையும் எர்த்தையும் பாருங்கள், சரி.

ஆனால் மோட்டார் உற்சாகமாகச் சுற்றி, நியூட்ரல் விளக்கும் மங்காமல், இன்ஜின் மட்டும் சும்மா நிற்கிறது என்றால்? மோட்டார் சுற்றுகிறதே! கரண்ட் போகிறது, ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்கும் உயிர் இருக்கிறது. மோட்டாரின் சுற்று, இன்ஜினின் மெயின் தண்டான கிராங்குக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பேட்டரி மாற்றுவது காசைக் குப்பையில் போடுவது. பெரும்பாலும் காரணம், கிராங்கோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்வே கிளட்ச், அதாவது ஒரு பக்கச் சுற்றை மட்டும் பிடிக்கும் கிளட்ச். அபூர்வமாக நடுவில் உள்ள கியரில் பல் போயிருக்கும். கவரைத் திறந்தால் தெரிந்துவிடும்.

நிறைய பைக்குகளில் இதற்குள் இருப்பவை மூன்று ரோலர்கள், அவற்றைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்குகள், நடுவே ஒரு கியரின் கழுத்து. மோட்டார் சுற்றும்போது ரோலர் குறுகலான பக்கம் போய் இறுகிக் கழுத்தைப் பிடிக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடும். தேய்மானம் ஒரே நாளில் வராது. முதலில் பத்து தடவைக்கு ஒரு தடவை 'கடக்' என்று வழுக்கும். அப்புறம் காலையில், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது பிடிக்காது. நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை எடுக்கும். அந்தக் கட்டத்திலேயே கொண்டுவாருங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். வழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்தில் பள்ளம் விழுகிறது.

கூரியர் தம்பியின் வண்டியில் கியரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். கழுத்தின் மேல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னேன். நகம் தட்டி நின்றது. ரோலர் ஓடும் இடத்தில் சுற்றிலும் ஒரு வரிப்பள்ளம், கூடவே ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். ரோலரிலும் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. கழுத்து கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும்.

இங்கேதான் என் தொழில்காரர்களிடமும் ஒரு வார்த்தை. கழுத்தில் பள்ளத்தை வைத்துக்கொண்டு ரோலரையும் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்றித் தராதீர்கள். கொஞ்ச நாள் பிடிக்கும், மறுபடி வழுக்கும். வாடிக்கையாளர் லேபர் இரண்டு தடவை கொடுப்பார். பழைய ஸ்பிரிங்கை இழுத்துவிட்டுப் போடுவது, கழுத்தை எமரி தாள் போட்டுத் தேய்ப்பது இரண்டுமே வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விட்டம் குறையும், பிடிப்பு இன்னும் போகும். அளவு பார்க்க மைக்ரோமீட்டரும் அந்த மாடலின் சர்வீஸ் புத்தகமும் வேண்டும், கண் மதிப்பு போதாது.

மேக்னட்டைக் கழற்றும்போது சுத்தியல் கிட்டேயே வரக்கூடாது. மரைக்குப் பொருந்தும் புல்லர் என்ற இழுக்கும் கருவி போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடித்து எடுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகள் விரிசல் விடும், கிராங்கும் கோணும். மாட்டும்போது கிராங்கின் டேப்பரை (கூம்பான முனையை) சுத்தமாகத் துடையுங்கள், மேக்னட்டை இடம் மாறாமல் நிறுத்தும் சாவித் துண்டைச் சரியாக உட்கார வையுங்கள். ஒன்வே கிளட்சைப் பிடிக்கும் ஆலன் போல்ட்டுகளுக்குத் திரெட் லாக் பசை கட்டாயம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அந்த போல்ட் லூஸாகி உள்ளே விழுந்தால் செல்ஃப் போவதோடு நிற்காது, இன்ஜினே போகும். எல்லாம் மாட்டியதும் கியரைக் கையால் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும்.

சரி, பேட்டரிக்கு இதில் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. சொல்லப்போனால் ஒன்வே கிளட்சைக் கொல்வதில் முக்கியப் பங்கு சோர்ந்த பேட்டரிக்குத்தான். பிஸ்டன் மேலே போய்ச் சேரும் முன்பே ஸ்பார்க் அடிக்கும். இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றினால் அது பிரச்சினை இல்லை. பேட்டரி இறங்கி மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் பின்னுக்கு உதைக்கும். இறுகிப் பிடித்திருக்கும் ரோலர்கள் மேல் அந்த அடி முழுதாக விழும். அதனால் செல்ஃப் முக்க ஆரம்பித்தாலே பட்டனை விட்டுவிட்டுக் கிக்கரை உதையுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும்; 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள்.

இன்னொன்று, இன்ஜின் ஆஃப் ஆகி முழுதாக நிற்கும் முன் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். நிற்கும் நொடியில் கிராங்க் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடும். அப்போது அழுத்தினாலும் அதே அடிதான். சிக்னலில் அவசரப்படுபவர்கள் செய்வது இது.

மீதமிருக்கிறது என்று காருக்கு வாங்கிய ஆயிலைப் பைக்கில் ஊற்றுபவர்களே, தயவுசெய்து வேண்டாம். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயில் மெயின் கிளட்சையும் வழுக்க வைக்கும், இந்த ரோலர்களுக்கும் நல்லதல்ல. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்கிறதா பாருங்கள்.

2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி போல ஏசிஜி ஸ்டார்டர் உள்ள ஸ்கூட்டர்களில் மேக்னட்டே மோட்டார் வேலையையும் பார்க்கிறது; இந்த ரோலர் தொல்லை அங்கே கிடையாது. பழைய வண்டிக்காரர்களுக்குத்தான் இவ்வளவும்.

வழுக்க ஆரம்பித்துவிட்டது, பார்ட்ஸ் வர நாளாகும் என்றால் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். கிக்கர் இருந்தால் உதையுங்கள். இல்லையென்றால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள், தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஸ்டார்ட் ஆன பிறகும் மேக்னட் பக்கம் கீச்சென்று அலறல் கேட்டால் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டு மோட்டாரையும் சேர்த்துச் சுற்றுகிறது என்று அர்த்தம். இரும்பு உரசும் சத்தம் வந்தால் போல்ட் கழன்றிருக்கலாம். இரண்டில் எது கேட்டாலும் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியை ஒரு குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.